எந்த ‘இங்கிஹ்’ என்று தெரிவிக்கவும்

லாவேயான், சோலோ
ஞாயிறு முற்பகல்

மூத்த மச்சான் ஹர்டிமான் அவர்களின் சமுகத்துக்கு, தங்கை கணவன் மார்த்தோயோ வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே உங்கள் தங்கை வார்சிதி, மகள் ரெட்னோ, மாப்பிள்ளை ஹெண்ட்ரோ, நான், என் புறாக்கள் எல்லாரும் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நீங்களும் சுகமாக இருக்கிறீர்கள் என்பதை மற்றவர்கள் வழக்கத்துக்காக எழுதுவார்கள். நான் பாலிக்பாப்பானில் உங்கள் பக்கத்து வீட்டுக்காரரைத் தொலைபேசியில் பிடித்து, நீங்கள் கடலில் மீன் பிடித்துவிட்டுக் கரை திரும்பியதையும், கொண்டுவந்த மீனில் அவருக்குப் பங்கு தராததையும் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் எழுதுகிறேன். ஒரு பத்திரிகையில் முப்பது வருடம் செய்தியாளனாக இருந்தவன் ஒரு மரணச் செய்தியை மறுப்பதென்றால் இப்படித்தான் மறுக்க வேண்டும்.

நீங்கள் இறந்துவிட்டதற்கு இரங்கல் தெரிவித்து உங்களுக்கே சில செய்திகள் வந்திருக்கும். அவற்றில் நம் தெரு மசூதிக் கமிட்டியின் செய்தி மிக உருக்கமானது என்று கேள்விப்பட்டேன். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும். அது எப்படி நடந்தது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். சொல்வதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. பட்டறைக்குப் பின்னால் துணி காயும் முற்றம் உங்கள் பெயரில் இருக்கிறது. அதை இடித்துக் காபிக்கடையோடு சேர்ந்த ஷோரூம் கட்ட மாப்பிள்ளை ஹெண்ட்ரோ போன மாதம் உங்களைத் தொலைபேசியில் கேட்டார். நீங்கள் “இங்கிஹ், இங்கிஹ்” என்றீர்களாம். கொத்தனார் வந்து முற்றத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஆகவே மச்சான், இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு, சரி அல்லது வேண்டாம் என்று ஒரே ஒரு வார்த்தையில் பதில் அனுப்ப வேண்டும். ஒரு வார்த்தை போதும்.

எல்லாம் டியா என்கிற விரிவுரையாளப் பெண் வந்ததில் தொடங்கியது. கைத்தொழில் முதலாளிகளின் குணத்துக்கும் வியாபாரத்தின் வளர்ச்சிக்கும் என்ன தொடர்பு என்று அந்தப் பெண் ஆராய்ச்சி செய்கிறாள். லாவேயானில் மெழுகால் பூப் போட்டுச் சாயம் ஏற்றும் பாத்திக் பட்டறை வைத்திருப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்தாள். ‘சுத்தமாக இல்லை’ என்பதில் ஆரம்பித்து ‘முழுக்க ஆமாம்’ வரைக்கும் ஐந்து படிகள், எந்தப் படி என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வார்சிதி அவளுக்குத் தேநீரும் செராபி ஆப்பமும் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“நீங்க துணிஞ்சு இறங்குற ஆளாம்மா?”

“ஐயோ, நானா? எனக்கு ரோட்டைத் தாண்டவே பயம்மா.”

“புதுசா யோசிச்சு ஏதாவது செய்வீங்களா?”

“நான் என்னத்தக் கண்டேன்? எங்கம்மா செஞ்சதச் செய்றேன்.”

“தோல்வி வந்தா விடாம முயற்சி பண்ணுவீங்களா?”

“தூக்கம் வந்தா விட்டுட்டுப் படுத்துடுவேம்மா.”

மச்சான், இது சொல்லப்பட்ட அதே வாரத்தில்தான் வார்சிதி புதிதாக ஒரு பச்சைச் சாயம் கண்டுபிடித்து, அது சந்தைக்குப் போய், மற்ற பட்டறைக்காரர்கள் சுவரேறிக் குதித்து வண்ணத் தொட்டியை எட்டிப் பார்த்தார்கள். நான் குறுக்கே பேசப் போனேன். அவள் என் பக்கம் திரும்பாமலே, “என்னங்க, புறாவுக்குத் தண்ணி வச்சீங்களா?” என்றாள். லாவேயானில் பட்டறை பெண்கள் கையில். கணவன்மார்களுக்குப் புறா. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. என் புறாக்கள் நல்ல குரல் உள்ளவை.

அடுத்து மாப்பிள்ளை. அவர் சுரபாயாக்காரர், உங்களுக்குத் தெரியும். சுரபாயாவில் வாய்க்கும் மனசுக்கும் நடுவில் கதவு கிடையாது. துணிச்சல்? ஐந்து. புதுமை? ஐந்து. தன்னம்பிக்கைக்கு வந்தபோது, “அஞ்சோட நிப்பாட்டிட்டீங்களே மேடம், அதுக்கு மேல இல்லையா?” என்று கேட்டார். சில வாரம் கழித்து முடிவு வந்தது. ஹெண்ட்ரோ லாவேயானிலேயே முதல். வார்சிதி கடைசி. கடைசி என்றால் வெறும் கடைசி இல்லை. இப்படிப்பட்ட குணமுள்ளவர் தொழில் தொடங்கியிருக்கவே வாய்ப்பில்லை என்று எழுதியிருந்தது. ஆனால் விற்பனையில் நம் பட்டறை தெருவில் முதல் வரிசை. டியா தலையைச் சொறிந்துகொண்டு, “இவங்க ஒரு விதிவிலக்கு” என்று போட்டுக்கொண்டாள். மாப்பிள்ளை அப்படி விடுவாரா? கூடத்தில் நின்று உரக்கச் சொன்னார்.

“அத்தை, நான் சொல்லலை, படிச்சவங்க சொல்றாங்க. இனிமே நான் பட்டறையைப் பாத்துக்கறேன். நீங்க ரெஸ்ட் எடுங்க.”

வார்சிதி புன்னகை செய்தாள். “இங்கிஹ், இங்கிஹ்” என்றாள்.

நீங்கள் பாலிக்பாப்பானுக்குப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. எண்ணெய்க் கம்பெனிக்காரர்களோடு பழகிப் பழகி உங்களுக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். நம் ஊரில் இங்கிஹ் என்றால் ஆமாங்க என்றுதான் அகராதியில் போட்டிருக்கும். ஆனால் ஒரு தடவை, வெடுக்கென்று வந்தால்தான் ஆமாம். தலை குனிந்து, இழுத்து வந்தால் காதில் விழுந்தது, அதற்குமேல் கேட்காதே என்று அர்த்தம். சிரிப்போடு இரண்டு தடவை வந்தால், நான் உயிரோடு இருக்கும்வரை நடக்காது. இதில் நான் தேர்ந்தவன். கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். சோலோவில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும். சுரபாயாவில் தாத்தாவுக்கும் தெரியாது. அங்கே ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் நாற்காலி பறக்கும்.

பட்டறை கைக்கு வந்துவிட்டதென்று மாப்பிள்ளை செமாராங்குக்குப் போய் ஒரு பெரிய ஆர்டர் பிடித்துவிட்டார். சுகிர்மான் என்று ஒரு பம்புசெட் வியாபாரி. மகளுக்குக் கல்யாணம். இரண்டு பக்கத்துச் சொந்தமும் ஒரே மாதிரித் துணி உடுத்தி வர இருநூறு துணி வேண்டும், அதுவும் சீக்கிரம். இவ்வளவு பெரிய கல்யாண ஆர்டர் நம் பட்டறைக்கு வந்ததே இல்லை. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். வார்சிதி வாசலில் உட்கார்ந்து ஆள் வரும்வரை காத்திருப்பவள். மாப்பிள்ளை பம்புசெட் வாங்கப் போன இடத்தில் பாத்திக் விற்றுவிட்டு வருபவர். சிக்கல் எங்கே வந்தது என்றால், அவசரத்துக்குக் கையால் வரைய முடியாது, அச்சுதான் குத்த வேண்டும். மாப்பிள்ளை அச்சு அறைக்குள் போய், கொக்கியில் தொங்கின செம்பு அச்சுகளில் சும்மா கிடந்த ஒன்றை எடுத்தார். சின்னச் சின்ன முக்கோணம். பார்க்க நவநாகரிகமாக இருந்ததாம்.

அது ஸ்லோபோக், மச்சான். இறந்தவரை மூடுகிற துணி. போகிறவருக்குப் பாதை விசாலமாகத் திறக்கட்டும் என்று குத்துகிற வடிவம். அது ஏன் சும்மா கிடந்தது என்று அந்த மனுஷர் யோசிக்கவில்லை.

ஆனால் யோசிக்காவிட்டாலும் கேட்டார். நானும் வார்சிதியும் அவள் சித்தி பேத்தியின் பிரசவத்துக்காக வோனோகிரி போகக் காரில் ஏறிக்கொண்டிருந்தோம். கதவைப் பிடித்துக்கொண்டு, அச்சை உயர்த்திக் காட்டி, “அத்தை, கல்யாணத்துக்கு இந்த முக்கோணம் போட்டுடட்டுமா?” என்றார். வார்சிதிக்கு அது வேடிக்கை என்று தோன்றியது. எப்பேர்ப்பட்ட பைத்தியக்காரனும் கேட்கமாட்டாத கேள்வி. சிரித்தாள். “இங்கிஹ், இங்கிஹ்.” கார் கிளம்பிவிட்டது. ரெட்னோவோ ஜகார்த்தாவில் துணிக் கண்காட்சியில் இருந்தாள். வீட்டில் சோலோக்காரர் ஒருவர்கூட இல்லை.

அச்சு குத்தும் பார்ஜோவை உங்களுக்குத் தெரியும். அவனிடம் மாப்பிள்ளை, “ஸ்லோபோக்னு என்னமோ இதுல எழுதியிருக்கு, இது இருநூறு வேணும். ரொம்ப அவசரம். அத்தைகிட்டக் கேட்டாச்சு” என்றார். பார்ஜோ அச்சைக் கையில் வாங்கினதுமே அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எஜமானியும் ஐயாவும் விடியக்காலையில் பெட்டியோடு ஓடினார்கள். ஸ்லோபோக் அவசரம். ஆனால் மாப்பிள்ளையிடம் யார் இறந்தது என்று வாய்விட்டுக் கேட்பது மரியாதையா? அவன் மெழுகுச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களோடு சேர்ந்து கணக்குப் போட்டான். மாப்பிள்ளை எதிரிலேயே நிற்கிறார். ரெட்னோ காலையில் தொலைபேசியில் திட்டினாள். எஜமானியும் ஐயாவும் நேரில் போனார்கள். மீதி இருப்பது பாலிக்பாப்பானில் இருக்கும் பெரியவர் ஒருவர்தான்.

“இருநூறு எதுக்குய்யா?” என்று ஒருவன் கேட்டானாம்.

“பெரிய கம்பெனியில இருந்தவரு. ஆபீஸ் முழுக்க உடுத்த வேணாமா?” என்றானாம் பார்ஜோ.

உங்கள்மேல் நம் ஆட்களுக்கு இருக்கும் மதிப்பைப் பாருங்கள். மறுநாள் மத்தியானம் முற்றத்தில் மூங்கிலுக்கு மூங்கில் ஸ்லோபோக் காய்ந்தது. எதிர்வீட்டு சுமினி அக்கா மாடியிலிருந்து அதைப் பார்த்தாள். சுமினி அக்கா ஒரு விஷயத்தைப் பார்த்தால் அது தெருவுக்குத் தெரிந்த மாதிரி. யாரோ உங்களுக்குத் தொலைபேசி செய்து பார்த்தார்களாம். நீங்கள் நடுக்கடலில். எடுக்கவில்லை. அதோடு முடிந்தது.

நாங்கள் வோனோகிரியிலிருந்து திரும்பியபோது நம் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. நாற்காலி வரிசை. தெருமுனையில் சாவுக்குக் கட்டும் காகிதக் கொடி. தெருப் பையன்கள் கறுப்புச் சட்டையில் தேநீர்த் தட்டுகளோடு நின்றார்கள். வார்சிதி காரை விட்டு இறங்காமல் என் கையைப் பிடித்தாள். வீட்டில் விட்டுவிட்டுப் போனது ஒரே ஒருவரை. மாப்பிள்ளையை.

இதுவரை நான் சிரித்துக்கொண்டுதான் எழுதினேன். இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக்கொண்டு எழுதுகிறேன். வார்சிதி இறங்கி நேராக நடந்துபோய்ப் பந்தலில் போட்டிருந்த பாயில் உட்கார்ந்தாள். பெண்கள் அரிசிப் பாத்திரத்தோடும் சர்க்கரைப் பொட்டலத்தோடும் வரிசையாக வந்தார்கள். யாரும் பெயர் சொல்லவில்லை. போனவர் பெயரைச் சொல்வது நாகரிகமில்லை. அவளும் யார் என்று கேட்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம் எதற்கு வந்தீர்கள் என்று எப்படிக் கேட்பது? சுமினி அக்கா அவள் தோளைத் தொட்டு, “சத்தமாப் பேசுவாரே தவிர மனசு சுத்தம்” என்றாள். இன்னொருத்தி, “எல்லாத்துலயும் அவசரம் அவருக்கு. இதுலயும் அவசரப்பட்டுட்டாரு” என்றாள். மச்சான், இவை உங்களைப் பற்றிச் சொன்னவை. நாங்கள் ஹெண்ட்ரோவைப் பற்றி என்று எடுத்துக்கொண்டோம், ஒரு சொல்கூட இடறவில்லை.

வார்சிதி எல்லாருக்கும் தலை குனிந்து இங்கிஹ் சொன்னாள், இழுத்து. நடுவில் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள்: “அந்தப் பிள்ளை நம்ம வீட்டுக்கு வந்ததுலேருந்து அதுகிட்ட நான் ஒரு வார்த்தை நேராப் பேசினதில்லீங்க. வேணும்னா வேணும், வேணாம்னா வேணாம்னு சொல்லியிருந்தா, பாவம், புரிஞ்சிருக்கும்.” அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. நான் ரெட்னோவுக்கு எப்படித் தகவல் சொல்வது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் தெருமுனையில் கார்க் கதவு சாத்தும் சத்தமும், அதைத் தூக்கிச் சாப்பிடுகிற ஒரு குரலும் கேட்டன.

“என்ன அத்தை, செம கூட்டம். தள்ளுபடி ஏதும் போட்டுட்டீங்களா?”

மாப்பிள்ளை. பின்னால் செமாராங் சுகிர்மான், பட்டுச் சட்டையில். துணி எப்படி வந்திருக்கிறது என்று காட்ட, முந்தின நாளே செமாராங் போய் அழைத்து வந்திருக்கிறார். வார்சிதி மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எழுந்தாள். நேராகப் பேசப் போகிறாள் என்று நான் நினைத்தேன். “மாப்பிள்ளை, சாப்பிட்டீங்களா?” என்றாள்.

சுகிர்மான் நல்ல மனிதர். பந்தலைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் பையில் கைவிட்டு ஒரு பண உறையை எடுத்து அங்கே வைத்திருந்த உண்டியலில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் சுமினி அக்கா.

“எவ்வளவு துணி பாருங்க” என்றாள் அவள், முற்றத்தைக் காட்டி. “ராஜா போனாக்கூட இவ்வளவு ஸ்லோபோக் போடமாட்டாங்க. கொடுத்துவச்ச மனுஷன்.”

“எந்தத் துணிம்மா?”

“அதோ காயுதே, முக்கோணம். சாவுக்குப் போடறது.”

“அது எம்பொண்ணு கல்யாணத்துக்கு” என்றார் சுகிர்மான்.

என் புறா ஒன்று கூவியது. தேநீர்த் தட்டோடு வந்துகொண்டிருந்த பையன் திரும்பி வந்த வழியே போய்விட்டான். அப்புறம் சுகிர்மான் எழுந்தார். பம்புசெட் விற்பவர் குரல் எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன். “எம்பொண்ணை என்ன பொணம்னு நெனச்சீங்களா?” என்றதில் தொடங்கி அவர் சொன்னதை எல்லாம் நான் குறிப்பெடுத்திருக்கிறேன், பெண்பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அனுப்பும் கடிதத்தில் எழுத முடியாது. வார்சிதி அவரைப் பந்தலில் நிற்க விடவில்லை. “உள்ள வாங்க, வெயில்” என்று கூடத்துக்குள் அழைத்துப் போய்விட்டாள்.

இங்கேதான் மச்சான், டியா ஐந்து படியில் அடைக்க முடியாத விஷயம் நடந்தது. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, ஒரே நேரத்தில். நான் வாசல்படியில் நின்றதால் இரண்டையும் பார்த்தேன்.

வெளியே மாப்பிள்ளை, யார் செத்ததாக நினைத்தார்கள் என்று பார்ஜோவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, நாற்காலிமேல் ஏறினார். நம் தெருவில் ஜனங்கள் பிறந்து செத்திருக்கிறார்கள், இப்படி ஒரு வாக்கியம் யாரும் சொன்னதில்லை. “யாரும் சாகலைங்க. பாலிக்பாப்பான் மாமா மீன் பிடிக்கப் போயிருக்காரு. தப்பு எம்மேலதான். இது சாவுத் துணின்னு எனக்குத் தெரியாது. இப்ப இருநூறு கிடக்கு. யாருக்காவது வேணுமா?” துக்கத்துக்கு வந்தவர்களிடம் விற்கிறார், மச்சான். எனக்குக் காது சுட்டது. சோலோக்காரன் எவனும் அந்த இடத்தில் நாற்காலிக்கு அடியில் போயிருப்பான். ஆனால் கடைசி வரிசையில் வார்சிதியின் ஒன்றுவிட்ட தங்கை கணவர் துகிரான் உட்கார்ந்திருந்தார். சுகோஹார்ஜோ பக்கம் ஓர் ஊருக்குத் தலைவராகப் புதிதாக ஜெயித்தவர். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஸ்லோபோக் சாவுக்கு மட்டும் இல்லீங்களே. பதவி ஏத்துக்கறப்பவும் உடுத்தறதுண்டு. பாதை தெறக்கணும்ல, அதுக்கும்” என்றார்.

“மாமா, நீங்க மட்டுமா ஜெயிச்சீங்க?” என்றார் மாப்பிள்ளை, நாற்காலியிலிருந்து இறங்காமலே.

“மாவட்டம் பூரா ஜெயிச்சிருக்காங்க. எல்லாருக்கும் ஒரே நாள்ல பதவிப் பிரமாணம்.”

“பொண்டாட்டிமாருங்க வருவாங்கல்ல?”

“வராம?”

மாப்பிள்ளை இறங்கிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பந்தலில் போட்ட தேநீர் ஆறுவதற்குள் இருநூறும் போய்விட்டது. மேலே இன்னும் கேட்டார்கள்.

உள்ளே வார்சிதி சுகிர்மான் எதிரில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் மறுக்கவில்லை. தப்பு நடந்தது என்றும் சொல்லவில்லை, நடக்கவில்லை என்றும் சொல்லவில்லை. அவர் கத்தினால், இங்கிஹ். மேசையைத் தட்டினால், இங்கிஹ், தட்டின இடத்திலிருந்து தேநீர்க் கோப்பையை நகர்த்தி வைத்தாள். மகளுக்கு அம்மா இல்லை, தானே எல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது என்று அவர் குரல் கம்மியபோது, இங்கிஹ் இழுத்து வந்தது, கூடவே ஒரு தட்டில் இனிப்பு. கத்துவதற்கு ஆள் வேண்டும் மச்சான், சுவரோடு எவ்வளவு நேரம் கத்துவது? பிறகு அவளாக எழுந்து போய்ப் பெட்டியிலிருந்து த்ருந்தும் துணி ஒன்றைக் கொண்டுவந்து அவர் மடியில் விரித்தாள். கறுப்பில் சின்ன நட்சத்திரம் மாதிரிப் பூ. கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவர் உடுத்துவது. “அம்மா இல்லாத பொண்ணுக்கு அப்பா இத உடுத்திட்டு நின்னா ரெண்டு பேரும் நின்ன மாதிரி” என்றாள். அவரிடம் அவள் பேசிய நீளமான வாக்கியம் அதுதான். சுகிர்மான் த்ருந்துமைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதார். சொந்தக்காரர்களுக்கும் அதே பூவை வேறு நிறத்தில் போடச் சொன்னார், கையால் வரைந்தே. கல்யாணத் தேதியை அவரே தள்ளி வைத்தார். போகும்போது சத்தம் போட்டதற்கு மன்னிப்புக் கேட்டார். வாசலில் மாப்பிள்ளையின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் சமாசாரம் தெரிந்து டியா ஓடிவந்தாள். அவளுக்கு என்னைவிடப் பரபரப்பு. “அம்மா, இந்த வெற்றிக்கு உங்களோட எந்தக் குணம் காரணம்னு நெனைக்கிறீங்க?” என்று கேட்டாள்.

“எனக்கென்னம்மா தெரியும்? அவரு உள்ள வந்தாரு, தேத்தண்ணி குடுத்தேன்.”

டியா இந்த முறையும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் போட வேண்டியிருந்தது. போகும்போது என்னிடம் தனியாகக் கேட்டாள், ஆராய்ச்சியில் மாமியாரையும் மாப்பிள்ளையையும் ஒரே ஆளாக எண்ணலாமா என்று. எண்ணலாம், ஆனால் அவர்கள் இருவரிடமும் சொல்லாதே என்றேன்.

வந்த அரிசியையும் சர்க்கரையையும் என்ன செய்வது என்று ஒரு சிக்கல் இருந்தது. துக்கத்துக்குக் கொண்டுவந்ததைத் திருப்பித் தர முடியாது, துக்கம் இல்லாத வீட்டில் வைத்துக்கொள்ளவும் முடியாது. வார்சிதி தெருவையே கூப்பிட்டு உங்கள் நீண்ட ஆயுளுக்காகத் துவா ஓதவைத்து, அதே அரிசியில் தேங்காய்ப்பால் சோறு ஆக்கிப் போட்டாள். உங்கள் சாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் உங்கள் ஆயுளுக்குச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். சோறு பிரமாதம் என்று சுமினி அக்கா சொன்னாள். நீங்கள் உண்மையிலேயே போயிருந்தால் இவ்வளவு கூட்டம் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இப்போது முற்றத்துக்கு வருகிறேன். இருநூறு ஸ்லோபோக்கும் போனதிலிருந்து மாப்பிள்ளையின் கால் தரையில் இல்லை. ஷோரூம் வந்தால் நாற்காலியில் ஏறாமலே விற்கலாம் என்கிறார். அவரால் விற்க முடியும், அதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. அந்த மனிதரை இடுகாட்டில் இறக்கி விட்டாலும் சரக்கு தீர்ந்துதான் வெளியே வருவார். ஆனால் முற்றம் போனால் துணி எங்கே காயும்? காய இடமில்லாவிட்டால் மெழுகுச் சட்டி அணைந்துவிடும், பார்ஜோவும் மற்றவர்களும் வேறு பட்டறைக்குப் போய்விடுவார்கள், அடுத்த வருடம் அதே ஷோரூமில் எவனோ செய்த துணியை நாம் காபியோடு விற்றுக்கொண்டிருப்போம். விற்கத் தெரிந்தவர் கையில் பட்டறை இருந்தால் அது கடை ஆகிவிடும். செய்ய மட்டும் தெரிந்தவர் கையில் இருந்தால் பூட்டிக் கிடக்கும். இது என் அபிப்பிராயம், ஆராய்ச்சி இல்லை.

வார்சிதி இதைச் சொல்லமாட்டாள். பந்தலில் அழுதபோது என்னவோ நேராகப் பேசியிருக்கலாம் என்றாள். அன்று சாயங்காலமே மாப்பிள்ளை வரைபடத்தை விரித்து, “அத்தை, காபி மிஷின் இந்த மூலையில வச்சிடலாமா?” என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். வாயைத் திறந்தாள். இங்கிஹ், இங்கிஹ். செத்தவர்களிடம் நேராகப் பேச அவளுக்கு வரும்போலிருக்கிறது, உயிரோடு இருப்பவரிடம் வரவில்லை. மாமியார் மாப்பிள்ளைக்கு இல்லை என்று சொன்னால் வீட்டுக்கு முகம் இருக்காது. நான் சொன்னால் புறாவுக்குத் தண்ணீர் வைத்தீர்களா என்பார்கள். ரெட்னோ இரண்டு பேருக்கும் நடுவில் நசுங்குகிறாள். இந்தக் குடும்பத்தில் இல்லை என்று சொல்லும் அளவுக்குத் தூரத்தில் இருப்பவர் நீங்கள் ஒருவர்தான், மச்சான். நடுவில் ஒரு கடலே இருக்கிறது. தைரியமாகச் சொல்லலாம்.

ஆகவே போன மாதம் நீங்கள் சொன்னது எந்த இங்கிஹ் என்று தெரிவிக்க வேண்டும். இரண்டு தடவை சொன்னீர்களா? நடுவில் சிரித்தீர்களா? மாப்பிள்ளையைக் கேட்டால், “ரெண்டு தடவை சொன்னாரு மாமா, டபுள் ஓகே” என்கிறார். எனக்குப் புரிந்துவிட்டது, அவருக்குப் புரியவேண்டும். எனவே சுற்றி வளைக்காமல், விளக்கம் எதுவும் இல்லாமல், ஒரே ஒரு வார்த்தை அனுப்புங்கள். கொத்தனார் நாளைக் காலையில் வருகிறார்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். ஏற்கெனவே ஒருமுறை தந்துவிட்டான், இன்னும் தரட்டும். உங்கள் முழங்காலுக்கு இஞ்சி ஒத்தடமும், பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு துண்டு மீனும் கொடுங்கள். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் எல்லாருடைய அன்பும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை கணவன்
மார்த்தோயோ

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் ரெட்னோ ஓடிவந்தாள். அப்பா கடிதம் எழுதி அது கடல் தாண்டி வருவதற்குள் சுவர் போய்விடும் என்று, ‘முற்றத்தை இடிக்கலாமா, ஒரே வார்த்தையில் பதில் போடுங்கள் மாமா’ என்று அவளே காலையில் உங்களுக்குத் தொலைபேசியில் செய்தி அனுப்பியிருக்கிறாள். உங்கள் பதில் சற்றுமுன் வந்தது. கேட்டபடியே ஒரே வார்த்தை: ‘இங்கிஹ்.’

எழுத்தில் இருக்கிறது மச்சான். வெடுக்கென்று சொன்னீர்களா, இழுத்தீர்களா, தலை குனிந்ததா, எதுவும் தெரியவில்லை. கடைசியில் ஒரு புள்ளி வைத்திருக்கிறீர்கள், அதையே நானும் ரெட்னோவும் அரைமணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்த விஷயத்தில் நான் தேர்ந்தவன் என்று மேலே எழுதியதை அடித்துவிடவும். மாப்பிள்ளை படித்துவிட்டுக் கொத்தனாரை இன்றைக்கே வரச் சொல்லிவிட்டார். வார்சிதி படித்துவிட்டுக் கூடை நிறைய ஈரத் துணியை எடுத்துப் போய்ச் சுண்ணாம்புக் கோட்டின்மேல் மூங்கில் நட்டுக் காயப் போட்டுக்கொண்டிருக்கிறாள். தெளிவாகப் பதில் போட்டதற்காக உங்களுக்கு மிகவும் நன்றி சொல்லும்படி இரண்டு பேருமே சொன்னார்கள்.